முறை சொல்லி வளர்த்த பிள்ளை

எங்கள் கரிசல் பக்கத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்து அதற்குப் பேர் வைப்பதற்குள்ளாகவே யார் முறைப்பெண் என்ற பேச்சு வந்துவிடும். தாய்மாமனுக்கு மகள் இருந்தால் அவள். இல்லையென்றால் அத்தை மகள். அதுவும் இல்லையென்றால் மாமனுக்கு இனிமேல் பிறக்கப்போகிறவள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் குனிந்து பார்த்து, "எய்யா, எம் மகளைக் கட்டிக்கிடுவியா, இல்ல வேற எவளையும் இழுத்துட்டு வருவியா?" என்று அத்தை கேட்பாள். பிள்ளை சிரித்தால் சம்மதம். அழுதால், "இப்பவே மாமியா வீட்டு மேல கோவத்தப் பாரு" என்பார்கள். நடக்கத் தொடங்கியதும் அந்தப் பெண் குழந்தையையும் இவனையும் சேர்த்து உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள். சடங்கு வீடு, மொட்டை எடுக்கிற இடம், கோயில் கொடை என்று எங்கே கூடினாலும் இந்தக் கேலி உண்டு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. உறவு விட்டுப்போகாமல் இருக்கப் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு அது. யாருக்கு யார் என்ன முறை வேண்டும் என்பதை நானும் அந்தக் கேலியில்தான் கற்றுக்கொண்டேன்.

அதே பெரியவர்கள்தாம், ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று இப்போது யாராவது சொன்னால், "பச்சப் பிள்ளைக்கு அதெல்லாம் என்ன தெரியும்?" என்று பதறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் பேசக் கூடாது, பிஞ்சு மனத்தில் இதையெல்லாம் ஏற்றக் கூடாது என்கிறார்கள். அவர்களிடம் மரியாதையோடு நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். நான்கு வயதில் எனக்குப் பெண்டாட்டி யார் என்று சொல்லிக்கொடுத்தீர்களே, அது என்ன? குழந்தையின் ஆசை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தொட்டிலிலிருந்தே நம் வீடுகளில் சொல்லித் தருகிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பொருந்திவிடுவதால் சொல்லித் தந்தோம் என்ற நினைப்பே நமக்கு இருப்பதில்லை. பொருந்தாத பிள்ளை மட்டும் அதைப் பாடமாக உட்கார்ந்து படிக்கிறது. நான் அப்படிப் படித்தவன்.

கோவில்பட்டியில், எழுபதுகளின் நடுவில் பிறந்தேன். அப்பாவுக்கு மில்லில் வேலை. அம்மாவும் எங்கள் வளவுப் பெண்களும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வேலை வாங்கிவந்து முற்றத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். அந்தக் கூலியில் அடுப்பெரிந்த வீடுகள் எங்கள் ஊரில் ஏராளம். பள்ளி விட்டு வந்ததும் நானும் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். காய்ச்சிய பசையின் வாடையும் ஓயாத பேச்சுமாக இருந்த அந்த முற்றத்தைவிட எனக்குப் பிடித்த இடம் வேறில்லை. புருஷன், மாமியார், சினிமா, சீட்டுப் பணம், அடுத்த தெருவில் ஓடிப்போனவள் என்று அவர்கள் பேசாதது ஒன்றுமில்லை. இந்த மண்ணின் வாய்மொழியிலிருந்து கி. ராஜநாராயணன் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தார். அவருடைய இடைசெவல் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். அந்தக் கதைகளில் இருக்கிற கூச்சமில்லாத சிரிப்பைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே நான் அந்த முற்றத்தில் கேட்டிருக்கிறேன். உடம்பைப் பற்றிப் பேச வெட்கப்பட்ட சனங்கள் அல்ல நாங்கள். ஆனால் என்னைப் போன்ற ஒருவனைப் பற்றி அங்கே ஒரு கதையும் நான் கேட்டதில்லை. வசவாக வந்தது மட்டும் உண்டு.

பத்து வயதைத் தாண்டிய ஒருநாள், பெரியப்பா தெருவிலிருந்து உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். "பொம்பளைக மத்தியில ஒனக்கென்னலே சோலி?" என்று கன்னத்தில் ஓர் அறை விட்டார். பெண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் என்னைக் கவனிக்கத் தொடங்கினேன். நிற்கும்போது இடுப்பில் கை போகக் கூடாது. பேசும்போது கை ஆடக் கூடாது. சிரித்தால் வாயைப் பொத்தக் கூடாது. கோலத்தில் எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று தெரிந்தாலும் தெரியாதவனாக இருக்க வேண்டும். இலங்கை வானொலியில் பாட்டுப் போட்டால் ஆண்குரல் பாடும் அடிகளை மட்டும் கூடப் பாடி, பெண்குரல் வரும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும். நடையை மாற்ற எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பஜாரில் கடைக்கண்ணாடி எது வந்தாலும் அதில் என் நடையைப் பார்த்துக்கொள்வேன். மற்றப் பையன்கள் நடப்பது எப்படி, எச்சில் துப்புவது எப்படி, சைக்கிளை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி என்று நான் பார்த்த அளவுக்கு அவர்களுடைய தாய்மார்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்திலும் நான் வேலையாக இருந்தேன். அந்த வயதின் மற்ற எத்தனையோ விஷயங்கள் மறந்துவிட்டன. அந்தக் களைப்பு மறக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டும் பள்ளியில் தப்ப முடியவில்லை. 'பொம்பளைச்சட்டி' என்பார்கள், 'ஒம்போது' என்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் யாருக்கு விழுந்தாலும் வகுப்பு கொஞ்சம் சிரிக்கும். ஒரு வருடம் அது எனக்கே விழுந்தது. அகரவரிசை செய்த வேலைதான். ஆனால் வாத்தியார் ஒவ்வொரு நாளும் எட்டுக்குப் பிறகு சற்று நிறுத்துவார். வகுப்பு சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, தானும் லேசாகச் சிரித்துவிட்டு, ஒன்பது என்பார். அந்த வசவைத் திருநங்கையரின் தலையில் கட்டி, அங்கிருந்து எடுத்து எங்கள்மேல் வீசினார்கள். அவர்கள் பட்டதோடு என்னுடையதைச் சேர்த்துப் பேச எனக்கு மனம் வராது. என்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. என்னோடு படித்த ஒரு பிள்ளையால் அது முடியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு வருவதை நிறுத்தியது அந்தப் பிள்ளை.

என்னை ஆம்பளையாக்க அப்பா எடுத்த முயற்சிதான் எனக்கு முதல் சந்தோஷத்தைக் கொடுத்தது. கோவில்பட்டி ஹாக்கி ஊர். இந்திய அணி வரைக்கும் ஆள் அனுப்பிய ஊர். சாயங்காலமானால் மைதானத்தின் செம்மண்ணும் கரிசலும் கலந்த புழுதியில் பையன்கள் மட்டையோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்பா என்னைக் கூட்டிப்போய் அங்கே விட்டார். எனக்கு ஆட்டம் வரவில்லை. ஆனால் நாள் தவறாமல் போனேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்த ஒருவன் அங்கே ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து திரும்பும்போது அவனுடைய மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். அவன் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வாய் வராது. அவன் வராத நாளில் சாயங்காலமே வீண். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. அதில் உடம்பு சம்பந்தமான நினைப்பு எதுவும் இல்லை. மாமன் மகளைப் பார்த்தால் வரும் என்று பெரியவர்கள் எனக்குச் சொல்லிவைத்த வெட்கம் இவனைப் பார்த்தபோது வந்தது, அவ்வளவுதான். "பச்சப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த வெட்கம் தெரியும். தன் முறைப்பெண் முற்றத்துக்கு வந்ததும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நிற்கிற பையனுக்கு எது தெரியுமோ, அதுதான் எனக்கும் தெரிந்தது. அவனைப் பார்த்து ஊர் சிரித்துக் கன்னத்தைக் கிள்ளியது. என்னுடையதை நான் யாருக்கும் காட்டவில்லை.

நம் ஊர்ப் பையன்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டே வளர்கிறவர்கள். இதைப் பற்றி யாரும் போதிய அளவு எழுதவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. தோளில் கை போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவோம். சினிமாக் கொட்டகையில் ஒருவன் மடியில் இன்னொருவன் காலை நீட்டிக்கொள்வான். பேருந்தில் ஓர் இருக்கையில் மூன்று பேர். கல்லூரிக்குப் போகிற வயதிலும் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடைக்காலத்தில் மொட்டை மாடியில் வரிசையாகப் பாய் விரித்து, ஒருவன்மேல் ஒருவன் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவோம். ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளவே விடாத ஊரில் ஆணுக்கு ஆண் இவ்வளவு நெருக்கம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அது என்னைக் காப்பாற்றியது. தனியாகக் கிடந்து சாகாமல் இருந்தேன் என்றால் அந்தத் தோள்களால்தான். வேறு நாடுகளில் வளர்ந்த என்னைப் போன்றவர்கள், பையனாக இருந்த காலத்தில் தங்களை யாருமே தொட்டதில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

ஆனால் அந்த நெருக்கத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதற்கு அர்த்தம் எதுவும் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அர்த்தம் இல்லை, அதனால் தூங்கிவிட்டார்கள். நண்பனின் கை தூக்கத்தில் என் நெஞ்சின்மேல் வந்து விழுந்த இரவில், நிறைகுடத்தைத் தலையில் வைத்திருப்பவன்போல அசையாமல் கிடந்தேன். எடுத்துவிட்டால் ஏன் எடுத்தாய் என்று கேட்பானோ, வைத்திருந்தால் தெரிந்துவிடுமோ என்று பயம். கிணற்றுக் குளியல் இன்னும் சிரமம். மோட்டார் ரூமிலிருந்து ஒவ்வொருவனாகக் குதிப்பார்கள். கண்ணை எங்கே வைப்பது என்பது எனக்குப் பெரிய பிரச்சினை. நீச்சல் நன்றாகத் தெரிந்தும் தெரியாதென்று சொல்லி, எல்லாருடைய சட்டைக்கும் காவலாக வரப்பில் உட்கார்ந்துகொள்வேன். வெயில் மண்டையைப் பிளக்கும்.

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஐயா ஒருநாள் பிசிராந்தையார் கதையைச் சொன்னார். பிள்ளைகளோடு பகைத்து மனம் கசந்து வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், பாண்டிநாட்டிலிருந்து ஆந்தை வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் விடுங்கள் என்கிறான். இருவரும் அதுவரை சந்தித்ததே இல்லை. சொன்னபடி அவர் வருகிறார், அங்கேயே தானும் உயிர்விடுகிறார். வகுப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஓர் ஆணுக்காக இன்னோர் ஆண் இடம் வைத்துக் காத்திருந்ததை, ஒரு பெரியவர், குரலில் கேலி இல்லாமல், மதிப்போடு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவர்கள் இருவரையும் எங்கள் ஆட்கள் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அது நட்பு, அப்படியே இருக்கட்டும். ஆனால் தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளையிடம் யார் வெட்டிய கிணறு என்று யாரும் கேட்பதில்லை.

நண்பர்கள் சிலர் இதை இன்னும் நீட்டிப் பேசுவார்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம்மிடம் இந்த வெறுப்பே இல்லை என்பார்கள். ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. ஆணான நம்மாழ்வார், பெருமாளை நினைத்துத் தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று பாடியதைக் கேட்டு உருகாத வைணவர் கிடையாது. அவரைப் பராங்குச நாயகி என்றே சொல்வார்கள். இதெல்லாம் உண்மை. எங்கள் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 1860இல் கொண்டுவந்தது ஆங்கிலேய அரசு என்பதும் உண்மை. ஆனால் என் கன்னத்தில் விழுந்த கை ஆங்கிலேயனுடையது அல்ல. கோயிலில் நாயகி பாவத்துக்குக் கண் கலங்குகிற கூட்டமே வீட்டு முற்றத்தில் ஒரு பையனின் கையசைவைப் பொறுக்காமல் அறைகிறது. நம் பழம்பெருமையில் அதற்கு விடை இருப்பதாக நான் நம்பவில்லை.

சட்டத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2009 ஜூலை 2 அன்று டில்லி உயர்நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமல்ல என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது. திருமணம் செய்துகொள்ளும் உரிமையை 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. முதல் தீர்ப்பு வந்த சமயம் நான் ஊரில் இருந்தேன். அப்பா தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிப்பவர். மறுநாள் காலையில் வாசிக்கவில்லை. அந்தச் செய்தி வெளியே தெரியும்படி மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அதைப் பற்றி அவர் சாகும்வரை நாங்கள் பேசவில்லை. அன்று எனக்கு அது போதும் என்று இருந்தது. இப்போது போதவில்லை. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் மாமன் மகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நான் கேட்ட கேலியை எல்லாம் அவளும் கேட்டு வளர்ந்தவள். என்னோடு சேர்த்து உட்காரவைத்துப் போட்டோ எடுக்கப்பட்டவள் அவள்தான். கல்யாணப் பேச்சு முற்றியபோது, இந்த உலகத்தில் நான் முதன்முதலாக உண்மையைச் சொன்னது அவளிடம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மச்சான், நீங்க மாட்டேன்னு சொன்னா எங்கிட்ட ஏதோ குறைன்னு ஊரு பேசும். நான் மாட்டேன்னு சொல்லிருதேன்" என்றாள். சொல்லவும் செய்தாள். அதற்காக மாமாவிடம் அடி வாங்கினாள். திமிர் பிடித்தவள் என்று பேரெடுத்தாள். அடுத்த வரன் அமைய வருடங்கள் ஆயின. நான் பட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற கஷ்டங்களுக்குப் பக்கத்தில் இதை எப்போதும் வைத்துப் பார்க்கிறேன்.

நான் சொன்னதால் அவள் தப்பித்தாள். யாரும் சொல்லாமல் கட்டிவைக்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். மகனைப் பற்றித் தாய்க்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் சந்தேகமாவது இருக்கும். ஒருத்தி வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லித் தாலி கட்ட வைப்பார்கள். எவளோ பெற்ற மகளை மருந்தாக வாங்கிவருகிற காரியம் அது. 2023இல் வந்த 'காதல் - தி கோர்' என்ற மலையாளப் படத்தில் அப்படிப்பட்ட கணவனாக மம்மூட்டி வருகிறார்; அவருடைய மனைவியாக வருகிற ஜோதிகாதான் விவாகரத்து வழக்குப் போடுகிறார். அந்த மனைவி இழந்த வருடங்களைப் படம் மறக்காமல் கணக்கில் வைத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு பையனை மிரட்டி வளர்க்கும்போது, இன்னும் பார்த்திராத ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் கெடுக்கிறார்கள்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 உத்தரவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவை எழுதினார். எங்களைக் 'குணப்படுத்துவதாக'ச் சொல்லும் வைத்தியங்களைத் தடை செய்தார். பள்ளி, போலீஸ், நீதித்துறை எல்லாவற்றுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்றார். பதவியில் இருக்கிற ஓர் ஆண், தனக்குத் தெரியாது என்று சொல்லி மாணவனாக உட்கார்ந்ததை நான் என் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்ட விரும்பினேன். அவர் அதற்கு முன்பே போய்விட்டார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்றும் சொல்லிவிட்டது.

இதெல்லாம் பெரியவர்களுக்கு. பதினொரு வயதுப் பிள்ளை உயர்நீதிமன்றத்துக்குப் போகாது. அதன் நீதிமன்றம் வகுப்பறைதான். யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் இப்படி வளர்ந்தவர்களின் பள்ளி அனுபவங்களைக் கேட்டுச் செய்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாகச் சொன்னார்கள். பள்ளியில் புகார் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். யார் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். வீட்டுக்குச் சொல்லி அனுப்பவே வேண்டாம். அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வகுப்பு ஒரு பிள்ளையை அந்த வசவால் கூப்பிட்டுச் சிரிக்கும்போது பாடத்தை நிறுத்திவிட்டு, இங்கே இந்தப் பேச்சு கூடாது என்று உரக்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கட்டும், கேட்க வேண்டிய பிள்ளைக்கும் கேட்டுவிடும். அதற்கும் தயக்கமாக இருந்தால் ஒன்றாவது செய்யுங்கள், அவர்களோடு சேர்ந்து நீங்களும் சிரிக்காதீர்கள்.